உப்பு ஜாடியை மாற்றும் முன்

எங்கள் வகுப்பில் கணக்கைத் தப்பாகப் போட்டவனுக்கு எங்கள் முசியே ஒரு பட்டம் கொடுப்பார். "க்ரெத்தேன் தெ ஸால்ப்!" ஆல்ப்ஸ் மலை க்ரெத்தேன் என்று அர்த்தம். நானும் அந்தப் பட்டத்தைப் பலமுறை வாங்கியவன். ஆல்ப்ஸ் மலை எங்கே இருக்கிறது என்று எங்களுக்கு நன்றாகத் தெரியும், சுவரில் படம் தொங்கியது. ரோன் ஆறு எங்கே பிறக்கிறது என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வோம். வில்லியனூர் பக்கம் ஓடும் சங்கராபரணி எங்கே பிறக்கிறது என்று கேட்டால் முழிப்போம். அன்றைய பிரெஞ்சுப் படிப்பு அப்படி.

க்ரெத்தேன் என்றால் முட்டாள், மண்டு என்றுதான் நினைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து தம்பியை அப்படித் திட்டி, பிரெஞ்சு தெரிந்த அப்பாவிடம் காது திருகலும் வாங்கியிருக்கிறேன். அது ஒரு நோயின் பெயர் என்று எனக்குத் தெரிந்தது எழுபது வயது தாண்டிய பிறகு, இரண்டு வருடத்துக்கு முன்புதான். தெரிந்துகொண்ட காரணம் கொஞ்சம் வெட்கப்பட வேண்டியது. இருந்தாலும் எழுதுகிறேன். என் வயதுக்காரர்கள் பலர் இன்று அதே தப்பைச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் உப்பு, பருப்பு வாங்குவது என் வேலை. ஓய்வு பெற்ற குமாஸ்தாவுக்கு மளிகைக் கடைதான் ஆபீஸ். காலையில் கடற்கரைச் சாலையில் நடந்துவிட்டு, காந்தி சிலைக்குப் பக்கத்தில் நாங்கள் ஐந்து பேர் உட்காருவோம். அங்கே ஒரு நண்பர் தினம் ஒரு வாட்ஸ்அப் செய்தி வாசிப்பார். ஒரு நாள் அயோடின் உப்பைப் பற்றி வந்தது. அயோடின் கலந்த உப்பு அன்னியச் சதி, தைராய்டு நோய் பெருகியதே அதனால்தான், நம் முன்னோர்கள் கல்லுப்பு சாப்பிட்டுத்தான் நூறு வயது வாழ்ந்தார்கள், இந்துப்பில் 84 தாதுக்கள் இருக்கின்றன என்றெல்லாம் இருந்தது. படித்துக் கேட்டதும் எனக்கு ரத்தம் சூடாகிவிட்டது. அன்றே கடைக்குப் போய் இளஞ்சிவப்பு இந்துப்பு இரண்டு கிலோ வாங்கினேன். சாம்பாருக்கு, ஊறுகாய்க்கு என்று மூட்டையில் அள்ளிப் போடும் கல்லுப்பு ஐந்து கிலோ. வீட்டில் இருந்த பாக்கெட் உப்பை வாசல் கழுவப் போட்டேன்.

"ரசத்துல உப்பே ஏற மாட்டேங்குது" என்று என் மனைவி முனகினாள். "ஆரோக்கியம் அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

ஒன்றரை வருடம் இப்படியே ஓடியது. அப்போது என் மருமகள் இரண்டாவது முறையாக உண்டாகியிருந்தாள். மூன்றாம் மாதம் ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். இருக்க வேண்டியதைவிடக் கூடுதலாக இருந்தது. அதாவது தைராய்டு சுரப்பி போதுமான அளவு வேலை செய்யவில்லை, மூளை அதை விரட்டிக்கொண்டிருக்கிறது. மகன் வெளியூரில் இருந்ததால் என் மனைவி அவளோடு உள்ளே போனாள், நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே நடந்ததை மனைவி வந்து சொன்னாள்.

"வீட்ல என்ன உப்பு போடுறீங்கம்மா?" என்று டாக்டரம்மா கேட்டிருக்கிறார்.

"இந்துப்பு டாக்டர். மாமா வாங்கிட்டு வருவாங்க."

"இதுக்கு உப்புதான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். தைராய்டு குறையறதுக்கு வேற எத்தனையோ காரணம் இருக்கு. மாத்திரை தரேன். ஆனா இந்த நேரத்துல அயோடின் இல்லாத உப்பு வேணவே வேணாம். மாமாகிட்ட சொல்லிடுங்க."

மருமகள் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் காலை அடுப்பங்கரையில் உப்பு ஜாடி மாறியிருந்தது. மீதி இந்துப்பைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்து, "மாமா, இதை வெந்நீர்ல போட்டுக் கால் ஊற வைங்க, முட்டி வலிக்கு நல்லதாம்" என்றாள். அவ்வளவுதான். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு அன்று இரவு தூக்கம் வந்திருக்கும்.

முப்பத்தைந்து வருடம் கோப்பு பார்த்தவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு விஷயத்தில் தப்பு செய்துவிட்டால், முதல் தாளிலிருந்து கோப்பைப் புரட்டாமல் விடமாட்டான். நானும் புரட்டினேன். புரட்டினால் முதல் தாளிலேயே என் முசியேயின் க்ரெத்தேன் நிற்கிறான்.

ஆல்ப்ஸ் மலைப் பள்ளத்தாக்குகளில் பல நூறு ஆண்டுகளாக ஒரு நோய் இருந்தது. பெரியவர்களுக்குக் கழுத்தில் பை தொங்குவதுபோல் முன்கழுத்துக் கழலை. அதைவிடக் கொடுமை, அப்படிப்பட்ட தாய்மார்களுக்குப் பிறந்த சில குழந்தைகள் வளராமல் குள்ளமாகவே நின்றுவிடும். காது கேட்காது, பேச்சு வராது, புத்தி விருத்தி அடையாது. அவர்களுக்குத்தான் க்ரெத்தேன் என்று பெயர். நாங்கள் மனப்பாடம் செய்த அதே ரோன் ஆற்றின் மேல்பள்ளத்தாக்கான வலே பகுதியில் இவர்கள் அதிகம். அங்கே எத்தனை பேர் இப்படி இருக்கிறார்கள் என்று நெப்போலியனே கணக்கெடுக்கச் சொன்னான்.

பிரெஞ்சு அகராதிகள் இந்தச் சொல்லுக்கு ஒரு வேர் காட்டுகின்றன. 'க்ரெத்தியேன்', அதாவது கிறிஸ்தவர். அந்த மலைக்காரர்கள் பேச்சில் கிறிஸ்தவர் என்றால் மனிதர் என்றே பொருள். இந்தப் பிள்ளையும் நம்மைப் போல ஒரு மனிதப் பிறவிதான் என்று இரக்கத்தில் பிறந்த சொல் அது. பிறகு அதுவே வசவாகி, கப்பலேறிப் புதுச்சேரி வகுப்பறை வரை வந்திருக்கிறது.

அந்த நோய்க்கான மருந்து கிடைத்த கதை இன்னும் விசித்திரம். 1811-ல் பாரிஸில் பெர்னார் கூர்த்துவா என்பவர் வெடியுப்பு தயாரித்துக்கொண்டிருந்தார். நெப்போலியனின் பீரங்கிகளுக்கு அது வேண்டும். அதற்காகக் கடற்பாசியை எரித்த சாம்பலைப் பயன்படுத்தினார். ஒரு நாள் அதில் கந்தக அமிலம் கொஞ்சம் அதிகமாக விழ, ஊதா நிறத்தில் புகை எழுந்தது. புகை குளிர்ந்த இடத்தில் கறுப்பாக மின்னும் படிகங்கள் படிந்தன. கேலுசாக் என்ற பெரிய விஞ்ஞானி அதற்கு ஊதா நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'யோத்' என்று பெயர் வைத்தார். அதுதான் நாம் சொல்லும் அயோடின். கண்டுபிடித்த கூர்த்துவா அதனால் பெரிதாக ஒன்றும் சம்பாதிக்கவில்லை. 1838-ல் வறுமையில் இறந்தார்.

எங்கள் தலைமுறைக்கு யோத் என்றால் முழங்கால் சிராய்ப்புதான். பள்ளிக்கூடத்தில் பழுப்பு நிற சீசாவில் 'தேன்த்தூர் த்யோத்' இருக்கும். நம் ஊர் டிஞ்சர். அதைத் தடவினால் "ஐயோ" என்று கத்துவோம், அதனால்தான் அதற்கு ஐயோ-டின் என்று பெயர் என்று தமிழ்ப் பள்ளிப் பையன்கள் சொல்வார்கள். வடித்த கஞ்சியில் அதை ஒரு சொட்டு விட்டால் கஞ்சி நீலக்கறுப்பாக மாறுவதை முசியே காட்டியிருக்கிறார். மாவுச்சத்தைக் கண்டுபிடிக்க அது ஒரு சோதனை. அதே பொருள்தான் தாயின் வயிற்றில் இருக்கும் பிள்ளையின் மூளைக்கும் வேண்டும் என்று அன்று யாரும் சொல்லித் தரவில்லை.

எப்படி வேண்டும் என்று சுருக்கமாகச் சொல்கிறேன். நம் கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பி தயாரிக்கும் ஹார்மோனில் அயோடின் ஒரு பாகம். செங்கல் இல்லாமல் சுவர் எழுப்ப முடியாது என்பதுபோல, அயோடின் இல்லாமல் அந்த ஹார்மோன் இல்லை. போதவில்லை என்றால் சுரப்பி எப்படியாவது சமாளிக்கப் பார்த்துப் பெருக்கும். அதுதான் கழலை. வயிற்றில் இருக்கும் குழந்தையின் மூளை வளரவும் அந்த ஹார்மோன் வேண்டும். கர்ப்பத்தின் பாதி வரை குழந்தையின் சொந்தச் சுரப்பி சரியாக வேலை செய்யத் தொடங்காது. அதுவரை தாய் கொடுப்பதுதான். தாய்க்கே பற்றாக்குறை என்றால் பிள்ளைக்கு எங்கே கிடைக்கும்? அந்த மாதங்களில் விட்டதைப் பிறகு பிடிக்க முடியாது. தடுக்கக்கூடிய மூளைப் பாதிப்புக்கு உலகத்தில் முதல் காரணம் அயோடின் குறைவுதான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. க்ரெத்தேன் என்பது அதன் கடைசி எல்லை. அதற்கு இந்தப் பக்கம், படிப்பில் கொஞ்சம் மந்தம், எதையும் பிடித்துக்கொள்வதில் கொஞ்சம் தாமதம் என்று வெளியே தெரியாத அளவில் எத்தனையோ படிகள் உண்டு. முசியேவிடம் அடி வாங்கியவர்களில் யாராவது அந்தப் படியில் நின்றவர்களோ என்று இப்போது நினைத்தால் மனசு என்னமோ செய்கிறது.

வேண்டிய அளவு என்ன? பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம். கர்ப்பிணிக்கு 250. ஒரு கிராமை லட்சம் பங்கு போட்டு அதில் 15 பங்கு எடுத்தால் அதுதான் 150 மைக்ரோகிராம். எழுபது வருடத்துக்குக் கூட்டிப் பார்த்தேன். மொத்தம் 4 கிராம்கூட வரவில்லை. ஆயுசு முழுக்க வேண்டியது ஒரு தேக்கரண்டி அளவுக்குள் அடங்கிவிடும். ஆனால் அதை மொத்தமாக ஒரே நாளில் விழுங்கிச் சேமித்து வைக்க முடியாது. தினம் தினம் துளித்துளியாக வர வேண்டும். தினமும், ஏழை பணக்காரன் வித்தியாசம் இல்லாமல், ஏறக்குறைய ஒரே அளவில் எல்லோரும் சாப்பிடும் பொருள் உப்பு ஒன்றுதான். அதனால்தான் உப்பில் கலந்தார்கள். சதி எதுவும் இல்லை.

இப்போது நம் கடற்கரைக்காரர்களின் பெரிய கேள்விக்கு வருகிறேன். "நமக்கு எதுக்கு சார் இதெல்லாம்? மரக்காணத்து உப்பு கடல் தண்ணியில விளையுது. கடல்லதான் அயோடின் இருக்கே!" நானும் இப்படிப் பேசியவன்தான். கணக்குப் போட்டுப் பார்க்காததால் வந்த தப்பு.

ஒரு லிட்டர் கடல் நீரில் அயோடின் சுமார் 60 மைக்ரோகிராம். அதே ஒரு லிட்டரில் உப்பு சுமார் 35 கிராம். அந்த அயோடின் ஒரு துளிகூட வீணாகாமல் முழுவதும் உப்போடு படிந்தாலும், 10 கிராம் உப்பில் 17 மைக்ரோகிராம்தான் வரும். நமக்கு வேண்டியது 150. அதிலும் பாத்தியில் உப்பு விளையும்போது அந்த அயோடின் முழுவதும் உப்போடு சேர்வதில்லை. கழிவு நீரோடும் காற்றோடும் பெரும்பாலும் போய்விடும். கடல் உப்பில் அயோடின் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். இந்துப்பு மலையில் வெட்டி எடுப்பது. அதன் 84 தாதுக்களில் பெரும்பாலானவை எடை போட முடியாத அளவு சொற்பம். அயோடினும் அப்படித்தான். நிறம் இருக்கிறது, விலை இருக்கிறது, வேண்டியது இல்லை.

கடல் மீன், நண்டு, இறால் தினமும் சாப்பிடுகிறவருக்கு அதிலிருந்து அயோடின் கிடைக்கும், உண்மைதான். ஆனால் நம் வீடுகளில் வாரத்தில் எத்தனை நாள் மீன்? செவ்வாய், வெள்ளி கிடையாது, புரட்டாசி கிடையாது. சைவக் குடும்பங்களில் எந்த நாளும் கிடையாது. குறைபாடு இமயமலை அடிவாரத்தில்தான் என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். பிறகு தேடித் தேடிப் பார்த்ததில் கடலோர மாநிலங்களிலும் இருந்தது.

இமயமலை அடிவாரம் என்றதும் ஒரு நம் நாட்டு வேலையைச் சொல்லாமல் இருக்க முடியாது. அன்னியச் சதி என்கிறவர்கள் இதைக் கேட்க வேண்டும். 1956-ல் காங்கிரா பள்ளத்தாக்கில் சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் பகுதியை டாக்டர் ராமலிங்கசுவாமியும் அவருடைய கூட்டாளிகளும் மூன்றாகப் பிரித்தார்கள். அவர் ஆந்திராவில் ஸ்ரீகாகுளத்தில் பிறந்தவர். பின்னாளில் டெல்லி எய்ம்ஸ் இயக்குநராக இருந்தவர். ஒரு பகுதிக்கு பொட்டாசியம் அயோடைடு கலந்த உப்பு, இன்னொன்றுக்கு பொட்டாசியம் அயோடேட் கலந்த உப்பு, நடுப்பகுதிக்குச் சாதா உப்பு. சில ஆண்டுகளில் அயோடின் பெற்ற இரு பகுதிகளிலும் கழலை ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. சாதா உப்பு சாப்பிட்ட பகுதியில் அப்படியே இருந்தது. பிறகு அந்த மக்களுக்கும் அயோடின் உப்பு கொடுத்தார்கள். இந்த வேலையை வைத்துத்தான் 1962-ல் தேசிய கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. நம் காற்று ஈரமும் நம் உப்பின் தன்மையும் அயோடைடைச் சிதைத்துவிடும், அயோடேட் தாக்குப்பிடிக்கும் என்பதால் இன்று நம் பாக்கெட்டில் இருப்பது அயோடேட்.

எதிர்ப்பக்கத்துக்கும் நியாயம் பேச வேண்டும். கோப்பில் இரண்டு பக்கக் குறிப்பும் இருந்தால்தான் உத்தரவு போட முடியும்.

முதல் நியாயம், அளவு. அயோடின் அதிகமானாலும் கெடுதல்தான். 1820-ல் ஜெனிவாவில் குவாந்தே என்ற வைத்தியர் கழலைக்கு அயோடின் சொட்டு கொடுத்தார். கழலை சுருங்கியது. உடனே ஊரார் தங்கள் இஷ்டத்துக்கு வாங்கிக் குடித்து, படபடப்பும் உடல் மெலிவுமாக அவதிப்பட்டார்கள். பிரான்சிலும் சில மாவட்டங்களில் அயோடின் கொடுத்துப் பார்த்தார்கள். அளவு மிதமிஞ்சிப் போனதால் கெட்ட பெயர் வந்து கைவிட்டார்கள். மருந்தைக் கண்டுபிடித்த நாடே அதைத் தவறவிட்டது. மிகச் சிறிய அளவில் கொடுத்துப் பார்த்த சுவிஸ்காரர்கள் 1922-ல் அயோடின் உப்பைக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பள்ளத்தாக்குகளில் புதிதாக க்ரெத்தேன்கள் பிறப்பது நின்றுபோனது.

ஆகவே அளவு முக்கியம். இப்போது வாட்ஸ்அப்பில் எதிர்த்திசையிலும் ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. 'லுகோல்' கரைசலைத் தினமும் சொட்டுச் சொட்டாகக் குடி, சர்வரோக நிவாரணி என்கிறார்கள். 5 சதவீத லுகோல் ஒரு சொட்டில் சுமார் 6 மில்லிகிராம் அயோடின். அதாவது 40 நாள் தேவை ஒரே சொட்டில். டாக்டர் சொல்லாமல் அதைத் தொடாதீர்கள். புண்ணுக்குத் தடவும் டிஞ்சரும் பீட்டாடினும் வெளியே தடவ மட்டும்தான். கைக்குழந்தைக்கு அவற்றைத் தாராளமாகப் பூசினால் தோல் வழியே உள்ளே போய்த் தைராய்டைத் தொந்தரவு செய்யும். நம் வயதுக்காரர்களுக்கு ஸ்கேன் எடுக்கும்போது போடும் மருந்துகளிலும், இதயத் துடிப்புக்குத் தரும் சில மாத்திரைகளிலும் நிறைய அயோடின் உண்டு. தைராய்டுக் கோளாறு இருப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். உப்பில் கலப்பது இந்த ரகம் இல்லை. நம் வீட்டுக்கு வரும்போது ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது சட்டம். 15 வீதம் பார்த்தால் 10 கிராம் உப்பில் 150 மைக்ரோகிராம். கணக்கு சரியாக இருக்கிறது.

இரண்டாவது நியாயம், சிறு உப்பளக்காரர்கள் படும் பாடு. 1930-ல் வேதாரண்யத்தில் உப்பு அள்ளிச் சிறைக்குப் போன நாடு இது. இங்கே எந்த உப்பை விற்கலாம் என்று அரசாங்கம் சொன்னால் மக்களுக்குக் கோபம் வரத்தான் செய்யும். அயோடின் இல்லாத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கக் கூடாது என்று கொண்டுவந்த தடையை மத்திய அரசு 2000-ல் நீக்கியது. மறுபடி 2006 மே 17 முதல் கொண்டுவந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த விதி அந்தச் சட்டத்தின் வரம்புக்குள் வராது, ஆனாலும் மக்கள் நலன் கருதி உடனே நீக்கவில்லை என்று 2011-ல் தீர்ப்பு வந்தது. அதன்பின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தடை தொடர்கிறது.

ஒரு டன் உப்புக்கு வேண்டிய பொட்டாசியம் அயோடேட் சுமார் 50 கிராம்தான். ஒரு கைப்பிடி. அதற்கு ஆகும் செலவு பெரிதில்லை. தெளிக்கும் இயந்திரம், பரிசோதனைக்கூடம், பாக்கெட் போடும் ஏற்பாடு, இவைதான் சிறியவனை அமுக்குகின்றன. வெயிலில் கால் வெடிக்கப் பாத்தி மிதிப்பவனின் உப்பு மூட்டை விலைக்குப் போகிறது, பாக்கெட் போடுகிறவன் லாபம் பார்க்கிறான். இது அநியாயம்தான். ஆனால் அதற்குப் பரிகாரம் அயோடினை எடுத்துவிடுவது இல்லை. மரக்காணம் போன்ற இடங்களில் நாலு உப்பளக்காரர்கள் சேர்ந்து பயன்படுத்தும்படி தெளிக்கும் இயந்திரத்தையும் பரிசோதனை வசதியையும் அரசாங்கம் அமைத்துத் தருவதுதான் பரிகாரம். தடை வேண்டும், கூடவே உதவியும் வேண்டும் என்பது என் கட்சி.

இனி நம்மைப் போன்ற கிழவர்களுக்கு. நமக்கு இந்த அயோடினால் பெரிய லாபமோ நஷ்டமோ இல்லை என்றே வைத்துக்கொள்வோம். நம் மூளை வளர்ந்து முடிந்து, இப்போது சாவியை எங்கே வைத்தோம் என்று தேடும் நிலைக்கு வந்தாகிவிட்டது. ஆனால் பல வீடுகளில் சாமான் வாங்குவது நாம்தான். "பெரியவர் சொல்கிறார்" என்று வாய் பேசாமல் அதையே சமைத்துச் சாப்பிடுவது மகளும் மருமகளும் பேத்தியும். நாம் ஒரு பார்வர்டை நம்பி உப்பு ஜாடியை மாற்றினால், அதன் விலையைக் கொடுக்கப்போவது இன்னும் பிறக்காத ஒன்று. அதற்குக் கேள்வி கேட்க வாய் கிடையாது. இதுதான் என்னை உறுத்தியது, இன்றும் உறுத்துகிறது.

கல்லுப்புதான் பிடிக்கும் என்றால் தாராளமாகக் கல்லுப்பு போடுங்கள். அயோடின் கலந்த கல்லுப்பே பாக்கெட்டில் கிடைக்கிறது. ஆனால் அதை அரிசி மாதிரிக் கழுவிக் கொட்டாதீர்கள். அயோடின் கல்லின் மேல்தான் ஒட்டியிருக்கும், கழுவினால் போய்விடும். தூசி இருந்தால் தண்ணீரில் கரைத்துத் தெளிய வைத்து, அந்தத் தண்ணீரையே குழம்பில் ஊற்றுங்கள். ஜாடியை மூடி வையுங்கள், அடுப்புச் சூடு படும் இடத்தில் வைக்காதீர்கள், சமையல் முடியும் தறுவாயில் உப்பு போடுங்கள். பாக்கெட்டில் தேதியையும் 'அயோடின் கலந்தது' என்ற வரியையும் பாருங்கள். ரத்தக் கொதிப்பு இருப்பவர்கள் உப்பைக் குறைக்கத்தான் வேண்டும், ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறார்கள். குறைத்துப் போடும் அந்த உப்பு அயோடின் உப்பாக இருக்கட்டும்.

எங்கள் வீட்டுக் கதையையும் முடித்துவிடுகிறேன். மருமகள் மாத்திரை சாப்பிட்டாள், அடுத்தடுத்த பரிசோதனைகளில் அளவு சரியாக வந்தது. பெண் குழந்தை பிறந்தது. பிறந்த சில நாளில் குதிகாலில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்கள், தைராய்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்க. அந்த முடிவு வரும்வரை நான் சாப்பிட்டது எதுவும் தொண்டையில் இறங்கவில்லை. "நார்மல்" என்று மகன் போனில் சொன்னபோது நான் மளிகைக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். கையில் இருந்த உப்புப் பாக்கெட்டைக் கீழே வைக்கத் தோன்றாமல் சிறிது நேரம் அப்படியே நின்றேன்.

பேத்திக்கு இப்போது ஒரு வயது தாண்டிவிட்டது. நான் மூக்குக் கண்ணாடியை எங்கே ஒளித்தாலும் கண்டுபிடித்துவிடுகிறாள். அவளை யாராவது செல்லமாக "மக்கு" என்று கொஞ்சினால்கூட எனக்குப் பிடிப்பதில்லை. காந்தி சிலை நண்பர் இன்றும் செய்தி வாசிக்கிறார். உப்பைப் பற்றி வந்தால் மட்டும் நான் குறுக்கே பேசுகிறேன்.

சமையலறைக்குப் போய் உங்கள் வீட்டு ஜாடியில் இருப்பது என்ன உப்பு என்று ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.